அம்பத்தூர் உடையாது!

கூரியர் கவர், ஆன்லைன் ஆர்டர், பேங்க் ஃபார்ம் என்று எங்கே போனாலும் பின்கோடு கேட்கிறார்கள். நாமும் யோசிக்காமல் எழுதிவிடுகிறோம். இந்த வாரம் அந்த ஆறு இலக்கத்தைக் கொஞ்சம் உடைத்துப் பார்ப்போமா?

பின்கோடு முறை 1972 ஆகஸ்ட் 15 அன்று அறிமுகமானது. முதல் மூன்று இலக்கம் 600 என்றால் சென்னை வட்டாரம். கடைசி மூன்றும் நம் ஏரியா தபால் நிலையத்தைக் காட்டும்.

முதலில் ஆவடி, 600054. இரட்டைப்படை என்பதால் 2-ஆல் வகுபடும். இலக்கங்களைக் கூட்டினால் 15. எனவே 3-ஆலும் வகுபடும். இப்படியே வகுத்துக்கொண்டு போனால் 2 × 3 × 7 × 7 × 13 × 157 என்று உதிர்ந்துவிடுகிறது. பூந்தமல்லியின் 600056-ம் தப்பவில்லை: 2 × 2 × 2 × 107 × 701.

ஆனால், அம்பத்தூரின் 600053? 1-ஐயும் அதே எண்ணையும் தவிர வேறு எதாலும் மீதியில்லாமல் வகுக்க முடியாது. சுத்தமான பகா எண்!

எப்படி உறுதியாகச் சொல்வது? 775-ஐ 775-ஆல் பெருக்கினாலே 6,00,625 வந்து, எண்ணைத் தாண்டிவிடுகிறது. ஆகவே 600053 இரண்டாக உடைந்தால், ஒரு துண்டாவது 774-க்குள் இருந்தாக வேண்டும். அதற்குள் இருக்கும் பகா எண்கள் 137. அத்தனையாலும் வகுத்துப் பார்த்து, எதிலும் மீதி பூஜ்யம் வராவிட்டால் முடிந்தது கதை.

ஆறு இலக்கத்துக்கு இது சரி. அறுநூறு இலக்கம் என்றால்? இப்படி ஒவ்வொன்றாக வகுத்தால் எந்தக் கணினிக்கும் ஆயுள் போதாது. 2002-ல் கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயல், நிதின் சக்சேனா மூவரும் ஒரு புது வழி கண்டார்கள். எண்ணை உடைக்காமலேயே, அது பகா எண்ணா இல்லையா என்று சந்தேகத்துக்கு இடமின்றிச் சொல்லும் வழி அது. இலக்கங்கள் கூடினாலும் வேலை கட்டுக்கடங்காமல் பெருகாது. உலகமே திரும்பிப் பார்த்தது.

வேடிக்கை என்னவென்றால், 'இது உடையும்' என்று தெரிந்தாலும், எப்படி உடையும் என்பதைச் சாதாரண கணினிகளில் வேகமாகக் கண்டுபிடிக்க இன்றுவரை யாருக்கும் வழி தெரியாது. 250 இலக்க எண் ஒன்றை 2020-ல் உடைத்தார்கள். கணினியின் ஒரே ஒரு 'கோர்' மட்டும் உழைத்திருந்தால் சுமார் 2,700 ஆண்டுகள் ஆகியிருக்கும்!

இணையப் பாதுகாப்பில் பரவலாகப் பயன்படும் ஆர்.எஸ்.ஏ. முறை நிற்பதே இந்தச் சிரமத்தின் மேல்தான். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது நொடி வேலை. பெருக்கி வந்த 617 இலக்க எண்ணை மறுபடி பிரிப்பதுதான் நடக்காத காரியம்.

அதனால்தான் மோசடிக்காரர்கள் இந்தப் பூட்டோடு மல்லுக்கட்டுவதில்லை. நேராக நமக்கு போன் போட்டு, "சார், ஒரு ஓ.டி.பி. வந்திருக்கும், சொல்லுங்க" என்கிறார்கள். சொல்லிவிட்டால் எந்தப் பகா எண்ணும் காப்பாற்றாது.

சரி, உங்கள் பின்கோடு உடைகிறதா? பேப்பரும் பேனாவும் எடுங்கள்; வீட்டுக் குட்டிகளையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்!