தியேட்டர்ல ‘ஸ்லோ’... வீட்டுல ‘அழ வெச்சுட்டாங்க’! ‘மெய்யழகன்’ விஷயத்துல நடந்தது என்ன?

‘மெய்யழகன்’ படத்தை நீங்க எங்கே பார்த்தீங்க? தியேட்டர்லயா, மொபைல்லயா? அதைப் பொறுத்து உங்க கருத்தே மாறியிருக்கலாம்.

2024 செப்டம்பர் 27-ல் ரிலீஸானப்போ பிரேம்குமாரின் இந்தப் படம் 177 நிமிஷம். ‘நல்லா இருக்கு, ஆனா ரொம்ப நீளம்’ என்று பலரும் சொல்ல, சில நாள்களிலேயே சுமார் 18 நிமிஷத்தை வெட்டினாங்க. அக்டோபர் 25-ல் நெட்ஃப்ளிக்ஸுக்கு வந்ததும் பேச்சே மாறிடுச்சு. தமிழ் தெரியாதவங்களும் சப்டைட்டிலோட பார்த்து உருகினாங்க.

ஏன்? தியேட்டர்ல ‘அடுத்து என்ன’ன்னு காத்திருப்போம். இதுல பெருசா எதுவும் நடக்காது. சொத்துத் தகராறில் 1996-ல் தஞ்சாவூர் வீட்டை இழந்த அருள்மொழி (அரவிந்த் சாமி), 22 வருஷம் கழிச்சு ஒரு கல்யாணத்துக்காக நீடாமங்கலம் போறார். பேர்கூட ஞாபகமில்லாத ஒரு சொந்தக்காரர் (கார்த்தி) விடிய விடிய அன்பைக் கொட்டுறார். ராத்திரியில, நம்ம வீட்டுல, நிறுத்தி நிறுத்திப் பார்க்கும்போது அது திண்ணைப் பேச்சு மாதிரி ஆயிடுது.

சின்ன காஞ்சிபுரத்துக்காரங்களுக்கு இது இன்னும் நெருக்கம். இங்கே பல நெசவாளர் வீடுகள்ல தறி வீட்டுக்குள்ளேயே இருக்கும். வீட்டை வித்தா தறி போட்ட இடமும் சேர்ந்தே போயிடும். பிள்ளைங்க ஒரகடம், சென்னைனு கிளம்பிட்டா, வரதர் கருட சேவைக்கு மட்டும் எட்டிப் பார்க்கிற சொந்தமாகிடுவாங்க.

அருள்மொழியோட நடுவயசுச் சிக்கல் வயசால வந்ததில்லை. போன வீட்டோட சேர்த்து, இருக்கிற மனுஷங்களையும் ஒதுக்கினதால வந்தது. வித்த வீடு திரும்பக் கிடைக்காது. ஆனா, நீங்க படம் பார்த்த அதே மொபைல்ல, ரொம்ப நாளா கூப்பிடாத ஒரு சித்தப்பா நம்பர் இருக்குமே?