மலருக்கு எழுதுவோர்க்கு

விழா மலரொன்றைக் கையிலெடுத்தால் முற்பகுதியிலே ஆசிச் செய்திகளும் வாழ்த்துரைகளும் நிறைந்திருத்தல் நாம் கண்டு பழகியதே. அவை வேண்டா என்பார் யாருமிலர். ஆயின், அவற்றைத் தொடர்ந்துவரும் பழைய மாணவர் கட்டுரைகளும் வாழ்த்துரைகளாகவே அமைந்துவிடின், கல்லூரியின் வரலாற்றை எழுதுவார் யாவர்?

விபுலானந்த அடிகளார் நமது இந்துக் கல்லூரிக்குத் தலைமை தாங்கிய காலத்தைப் பற்றி எழுதுவோர் பலர் 'பொற்காலம்' என்னும் ஒரு சொல்லோடு நிறைவடைகின்றனர். அடிகளார் 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராகச் சென்றமை நூல்களிலே கிடைக்கும். அவரிடம் பயின்ற பாட்டனாரொருவர் வீட்டுத் திண்ணையிலிருந்து சொன்னது நூல்களிலே கிடைக்காது. பேரன் எழுதவேண்டியது அதுவே. 'கல்விக் கடல்', 'ஒழுக்கத்தின் உறைவிடம்' என்னுந் தொடர்கள் எல்லா ஆசிரியர்க்கும் பொருந்துவன. ஆதலின் ஒருவர்க்கும் உரியன அல்ல. விடுதிச் சமையற்காரர் எந்நாளில் என்ன கறி வைத்தார் என்று ஒருவர் எழுதினால் நான் மகிழ்ந்து படிப்பேன்.

'அந்தக் காலத்திலே' என்று தொடங்குவோர் ஆண்டைக் குறித்தல் வேண்டும். நினைவில்லையா? நமது துறைமுகப் பட்டினமே அடையாளங்கள் தந்துள்ளது. 1942 ஏப்ரல் 9இல் யப்பானியர் குண்டு வீசினர். 1957 ஒக்டோபரிலே பிரித்தானியர் கடற்படைத் தளத்தைக் கையளித்தனர். 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. 2004 டிசெம்பர் 26இல் கடல் பொங்கிற்று. இவற்றுள் எதற்கு முன், எதற்குப் பின் என்றேனும் எழுதலாமன்றோ? தளம் கைமாறியபோது அங்கே தொழில்செய்தோர் வீடுகளிலே நேர்ந்ததை அவர்தம் பிள்ளைகள் எழுதினால், அது கல்லூரி வரலாறு மட்டுமன்று, ஊர் வரலாறுமாகும்.

நம்மூரவரான சரவணமுத்துப்பிள்ளை 1895இல் வெளியிட்ட 'மோகனாங்கி' தமிழின் முதல் வரலாற்று நாவலெனப் பெயர் பெற்றது. வரலாற்றிலே கற்பனை கலத்தல் நாவலாசிரியர்க்குள்ள உரிமை. மலருக்கு எழுதும் நமக்கு அஃதில்லை. கண்டதைக் கண்டதென்றும் கேட்டதைக் கேட்டதென்றும் பிரித்தெழுதுதல் கடன்.

போர்க்காலத்து இடப்பெயர்வுகளிலே எத்தனையோ வீடுகளின் படங்களும் பழைய மலர்களும் அழிந்தன. இலண்டனிலோ ரொறன்ரோவிலோ ஓர் அலுமாரிக்குள் இருக்கும் வகுப்புப் படம் இன்று அவ்வகுப்புக்கு எஞ்சிய ஒரே படமாயிருக்கலாம். அதனைப் படியெடுத்து, இடமிருந்து வலமாகப் பெயர்களெழுதி அனுப்புக. பெயர் தெரியாதவரைத் தெரியாதவரென்றே குறிக்க, ஊகித்தெழுதற்க. இக்காலச் சிறுவர் படங்களாயின் பெற்றோர் இசைவு முதலில் வேண்டும்.

இன்னுமொன்று. பாமினி எழுத்துருவிலே தட்டச்சிட்டு அனுப்பும் கட்டுரை, அவ்வெழுத்துரு இல்லாத கணினியிலே பொருளற்ற குறிகளாய்த் தோன்றும். பின்னர்ச் சொல்லைத் தேடியெடுத்தலும் அரிது. யூனிக்கோடு முறையிலே அனுப்பின் இத்தொல்லையில்லை. 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவிற் பேணிவரும் நூலக நிறுவனத்திற்கு இம்மலரின் படியொன்றை அளித்தல் நலமென்பது என் கருத்து. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை அறிந்த நாம் ஒரே அலுமாரியை நம்பியிருத்தல் தகாது.

தட்டச்சு அறியாத மூத்தோர் கையெழுத்திலே அனுப்பலாம்; உயர்தர வகுப்பு மாணவரைக் கொண்டு தட்டச்சிடுவித்துத் தருவேன்.