ஓடுகிறவனும் விரட்டுகிறவனும்

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளை அறியாத தமிழர் இலங்கையில் மிகக் குறைவு. இரண்டு கார்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்கி வழிவிட வேண்டிய அகலமே அவற்றுட் பலவற்றுக்கு உண்டு. நடைபாதை என்ற ஒன்று பெரும்பாலும் கிடையாது. காலையிற் பாடசாலைப் பிள்ளைகள், மாலையிற் கோயிலுக்குச் செல்லும் முதியோர், இடையில் மரக்கறி வண்டிக்காரர், மீன்காரர், முச்சக்கர வண்டிகள் ஆகிய யாவருக்கும் அந்த ஒரே தார்த் தரைதான். இரவுச் சாப்பாட்டு நேரம் நெருங்கியதும் அங்கே வேறொரு போக்குவரத்துத் தொடங்குகிறது. சதுரப் பெட்டி சுமந்த மோட்டார் சைக்கிள்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பாய்ந்து வருகின்றன. ஓட்டும் இளைஞனின் ஒரு கண் கைத்தொலைபேசியில். மறு கண் வீட்டிலக்கங்களில். வீதியைப் பார்ப்பதற்கு மூன்றாவது கண் வேண்டும். அது சிவபெருமான் ஒருவருக்கே வாய்த்தது.

சென்ற மாதம் இத்தகைய ஓர் ஒழுங்கையில், எழுபத்தாறு வயது மூதாட்டி ஒருவர் தமது வாசற்கதவைத் திறந்து வெளியே கால் வைத்த கணத்தில் மோதுண்டு விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. மோதியவன் மட்டக்களப்புப் பக்கத்துக் கிராமமொன்றிலிருந்து வந்த இருபத்திரண்டு வயதுப் பையன். அவன் கொண்டுவந்தவை இரண்டு கொத்துரொட்டிப் பொதிகள். மூதாட்டியின் மகள் தம் தாயாரின் வழக்கை எம்மிடமே ஒப்படைத்திருக்கிறார். ஆதலால் பெயர்களையோ, ஒழுங்கையையோ, அப்பையனை ஓடவிட்ட கொம்பனியையோ இங்கு சொல்வது முறையன்று. சொல்லவும் மாட்டோம்.

ஆனால் விபத்தின் மறுவாரம் அவ்வொழுங்கைவாசிகள் கூடிய கூட்டத்தில் நிகழ்ந்ததைச் சொல்லியே ஆகவேண்டும். சதுரப் பெட்டி மோட்டார் சைக்கிள்களை ஒழுங்கை முகப்பிலேயே மறிப்பதென்றும், மீறி வருவோரைப் பிடித்துப் பொலிஸாரிடம் ஒப்படைப்பதென்றும் ஒரு தீர்மானம் முன்மொழியப்பட்டது. பேசியவர்களின் கோபம் நியாயமானது. அதில் எமக்கு ஐயமில்லை. எனினும் நாம் எழுந்து அதனை எதிர்த்தோம். “வக்கீல் ஐயா எந்தப் பக்கம்?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. கேட்டவர் எமது பழைய நண்பர். தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது, நண்பர் அன்று எம்மோடு பேசாமலே போய்விட்டார். அவருடைய கேள்விக்கு அங்கே ஐந்து நிமிடத்திற் சொல்ல முடியாத மறுமொழியை இங்கே எழுதுகிறோம்.

முதலில் வேகத்தைப் பற்றி. குடிமனைப் பகுதிகளில் மோட்டார் சைக்கிளுக்கு எமது சட்டம் அனுமதிக்கும் உச்ச வேகம் மணிக்கு 50 கிலோமீற்றர். பெருவீதிக்கு அது பொருந்தலாம்; ஒழுங்கைக்குப் பொருந்துமா? கணக்கைப் பாருங்கள். ஆபத்தைக் கண்டு பிரேக்கை அழுத்துவதற்கு ஒரு மனிதனுக்கு ஏறக்குறைய ஒரு விநாடி ஆகும். 30 கிலோமீற்றர் வேகத்தில் வருபவன் அந்த ஒரு விநாடியில் 8 மீற்றருக்குச் சற்று மேலே செல்வான். பிரேக் பிடித்த பின் மேலும் ஆறு மீற்றரளவில் நின்றுவிடுவான். ஆக, 14 மீற்றர். 50 கிலோமீற்றரில் வருபவனோ அதே ஒரு விநாடியிலேயே 14 மீற்றரைக் கடந்துவிடுவான். அதாவது, முதலாமவன் முற்றாக நின்றுவிட்ட அதே இடத்தில்தான் இரண்டாமவன் பிரேக்கைத் தொடவே ஆரம்பிக்கிறான். வாசற்படியில் நிற்கும் கிழவிக்கு இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு இருபது கிலோமீற்றரன்று, உயிர்.

வாகனங்களும் கால்நடையாகச் செல்வோரும் கலந்து புழங்கும் இடங்களில் 30 கிலோமீற்றரே உச்ச வேகமாக இருக்கவேண்டும் என்று 2020 பெப்ரவரியில் ஸ்டொக்ஹோம் நகரிற் கூடிய உலக மாநாடு பிரகடனம் செய்தது. அவ்வாண்டு ஓகஸ்டில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையும் அப்பிரகடனத்தை ஏற்றது. ஒஸ்திரியாவின் கிராஸ் நகரம் 1992 ஆம் ஆண்டிலேயே இதனை நடைமுறைப்படுத்திவிட்டது. எமது ஒழுங்கைகளில் இதற்கென ஒரு பலகையைக் கூடக் காணோம்.

ஆனாற் பலகை நட்டுவிட்டால் வேகம் குறைந்துவிடுமா? குறையாது என்பதே எமது கட்சி. ஏன் என்பதை அந்தப் பையனே சொன்னான். நீதிவான் நீதிமன்ற வளவில் தன் மாமனாரோடு நின்றவன், எதிர்த்தரப்பு வக்கீல் என்று தெரிந்தும் எம்மிடம் வந்து வணங்கினான். வழக்கைப் பற்றிப் பேசவேண்டாம் என்று தடுத்தோம். “வழக்கைப் பற்றி இல்லை ஐயா. நான் மெதுவாகப் போகிறவன்தான். மெதுவாகப் போனால் அடுத்த ஓடர் மற்றவனுக்குப் போய்விடும்” என்றான். அவ்வளவுதான் சொன்னான். எமக்கு அதுவே போதுமாயிருந்தது.

இந்தத் தொழிலின் உள்ளமைப்பை அறியாதவர்களுக்காகச் சிறிது விளக்குவோம். இவர்களுக்கு மாதச் சம்பளம் இல்லை. கொண்டுபோய்க் கொடுத்த ஒவ்வொரு பொதிக்கும் ஒரு கூலி. கடைவாசலிற் காத்திருக்கும் நேரத்துக்குக் கிடைப்பது அற்பம், அல்லது ஒன்றுமேயில்லை. நெரிசல் நேரத்தில் இத்தனை பொதி கொடுத்தால் இவ்வளவு மேலதிகம் என்று ஆசை காட்டப்படும். மோட்டார் சைக்கிள் அவனுடையது. உண்மையைச் சொன்னால் லீசிங் கொம்பனியுடையது. பெற்றோல் அவன் பணம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி தடைப்பட்டபின் பல ஆண்டுகளாகப் பழைய மோட்டார் சைக்கிளுக்கே பொன்விலை கொடுத்து வாங்கிய தலைமுறை இது. 2022 இல் நாடு வங்குரோத்தானபோது வேறு தொழிலின்றி இதற்குள் வந்தவர்களும் பலர். சாப்பாட்டை வரவழைத்தவர் தமது கைத்தொலைபேசியில் நிமிடங்கள் குறைவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பிந்தினால் நட்சத்திரம் குறைக்கிறார். ஆக, பொதிக்குக் கூலி, நிமிடத்துக்குக் கணக்கு, நட்சத்திரத்துக்கு அச்சம். இம்மூன்றையும் ஓர் இளைஞனின் கழுத்திற் கட்டிவிட்டு, “தம்பி, மெதுவாகப் போ” என்று ஒழுங்கை முகப்பிற் பலகை நடுவது யாரை ஏமாற்றுவதற்கு?

இந்நாட்டவர்க்கு இஃதொன்றும் புதிய பாடமன்று. தனியார் பஸ் வண்டிகள் தரிப்பிடத்துக்குத் தரிப்பிடம் ஒன்றையொன்று முந்திப் பாய்வதை நாள்தோறும் காண்கிறோம். அச்சாரதிகள் பிறவியிலேயே முரடர்களா? அன்றைய வசூலிலேயே அன்றைய கூலி தங்கியிருக்கிறது. முன்னே போகும் பஸ் பயணியை ஏற்றிக்கொண்டு போய்விடும். கூலி கொடுக்கும் முறையே வேகத்தைக் கட்டளையிடுகிறது. பொலிஸார் எழுதும் தண்டப் பத்திரம் அக்கட்டளையை மாற்றுவதில்லை. அதற்கொரு விலையை மட்டும் வைக்கிறது. அவ்விலையையும் செலுத்துபவன் சாரதிதான்.

விரட்டுகிறவனைச் சட்டம் தொடமுடியாதா? தொட்டிருக்கிறது. அமெரிக்காவில் டொமினோஸ் என்ற பீட்சாக் கொம்பனி, முப்பது நிமிடத்திற் பொதி வந்துசேரும், தவறினால் உமக்கு இலாபம் என்று பல ஆண்டுகள் விளம்பரம் செய்து பெருஞ் செல்வம் ஈட்டியது. 1989 இல் சென் லூயிஸ் நகரில் அக்கொம்பனியின் சாரதி ஒருவர் சிவப்பு விளக்கைத் தாண்டி ஒரு பெண்மணியின் வாகனத்தில் மோதினார். 1993 டிசம்பரில் யூரிமார் சாரதியோடு நின்றுவிடவில்லை. அந்த முப்பது நிமிட வாக்குறுதியையே கூண்டில் ஏற்றினர். தண்டனை நட்டஈடாக மட்டும் 78 மில்லியன் டொலர் விதித்தனர். பின்னர் சமரசத்தில் அத்தொகை பெரிதும் குறைந்தது உண்மையே. ஆனால் தீர்ப்பு வந்த சில நாட்களுக்குள் அந்த வாக்குறுதி அமெரிக்கா முழுவதிலும் கைவிடப்பட்டது. தென்கொரியாவில் அதே கொம்பனியின் முப்பது நிமிட விளம்பரம், இளம் ஊழியர்களின் மரணங்களின் பின் எழுந்த பொதுமக்கள் கண்டனத்தால் 2011 பெப்ரவரியில் நிறுத்தப்பட்டது. அண்டை நாடான இந்தியாவில் “பத்து நிமிடம்” என்ற விளம்பரம் 2021 முதல் நகரங்களை ஆட்டிப்படைத்தது. 2025 டிசம்பரில் ஊழியர் வேலைநிறுத்தம் செய்தனர். அடுத்த மாதமே மத்திய தொழில் அமைச்சர் தலையிட, முன்னணிக் கொம்பனி அவ்விளம்பரத்தைக் கழற்றியது. இவற்றுள் எந்த நாட்டிலும் மக்கள் பட்டினியால் இறந்ததாக நாம் கேள்விப்படவில்லை.

எமது நாட்டுக் கொம்பனிகள் மிகவும் கெட்டித்தனமானவை. அவை வாக்குறுதி அளிப்பதில்லை, “மதிப்பீடு” என்கின்றன. சாரதியை ஊழியன் என்பதில்லை, “பங்காளி” என்கின்றன. இந்தப் பங்காளி என்ற சொல்லைச் சற்று உற்றுப் பாருங்கள். இலாபத்தில் அவனுக்குப் பங்கில்லை. கூலியை நிர்ணயிப்பதில் வாக்கில்லை. எந்தக் கணத்திலும், காரணம் சொல்லாமல், அவனுடைய கணக்கை மூடிவிடலாம். பங்காளியை இவ்வாறு வீட்டுக்கு அனுப்பும் வியாபாரத்தை நாம் கூட்டு வர்த்தகச் சட்டத்தில் எங்கும் படித்ததில்லை. சொல்லின் பயன் வேறிடத்தில் இருக்கிறது. எஜமான் தன் வேலையாள் தொழிலின்போது செய்த தவறுக்குத் தானே பொறுப்பாவான் என்பது இந்நாட்டு நீதிமன்றங்கள் நெடுங்காலமாக ஏற்ற விதி. வேலையாளல்லாத சுதந்திர ஒப்பந்தக்காரன் செய்த தவறுக்கு அவ்விதி பொதுவாகப் பொருந்தாது. பங்காளி என்ற ஒரே சொல்லால், மூதாட்டியின் இடுப்பெலும்புக்கான கடனும் நீங்கியது, பையனின் ஊழியர் சேமலாப நிதிக்கான கடனும் நீங்கியது. வேலைநேரத்தில் அவன் கால் முறிந்தாலும், 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தை அவன் எட்டிப்பிடிக்க முதலில் அச்சொல்லோடு மல்லாட வேண்டும்.

ஆயினும் அச்சொல் அசைக்க முடியாத கோட்டையன்று. 1950 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் தொழிலாளி யார் என்று வரையறுக்கும்போது, சேவை ஒப்பந்தம் உள்ளவனோடு நிற்கவில்லை. எந்த வேலையையாயினும் தானே நேரில் செய்து முடிப்பதாக ஒப்பந்தம் செய்தவனையும் சேர்த்தே சொல்கிறது. கைத்தொலைபேசி என்ற பொருளையே கனவு காணாத காலத்திற் சட்டம் வரைந்தவர்கள், இந்தப் பையனுக்கும் இடம் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்பது எமது வாதம். பிரித்தானிய உயர் நீதிமன்றம் 2021 பெப்ரவரி 19 அன்று யூபர் கொம்பனியின் வழக்கில், காகிதத்தில் என்ன பெயர் எழுதப்பட்டது என்பதை விட யார் யாரைக் கட்டுப்படுத்துகிறார் என்பதைப் பார்த்தே தீர்ப்பளித்தது. அவ்வழக்கு ஆளேற்றும் சாரதிகளைப் பற்றியது, பொதி சுமப்போரைப் பற்றியதன்று என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஒக்ரோபரில் இயற்றிய பணிப்புரை இன்னும் ஒருபடி மேலே செல்கிறது: கட்டுப்பாட்டுக்கான அறிகுறிகள் இருந்தால் ஊழியன் என்றே அனுமானிக்கப்படும், அல்ல என்று நிரூபிக்கும் சுமை கொம்பனியைச் சாரும். எங்கள் பாராளுமன்றத்திலே தமிழ்ப் பிரதிநிதிகள் இருக்கிறார்கள். இவ்வளவு சிறிய திருத்தமொன்றைத் தனிநபர் மசோதாவாகவேனும் கொண்டுவர அவர்களுக்கு என்ன தடை? வடக்கிலும் கிழக்கிலும் இருந்து கொழும்புக்கு வந்து சதுரப் பெட்டி சுமக்கும் பிள்ளைகளும் அவர்களுடைய வாக்காளர்களே.

“இளைஞர்களே இந்தச் சுதந்திர வேலையை விரும்புகிறார்கள், நினைத்தபோது வரலாம், நினைத்தபோது போகலாம்” என்று ஒரு நியாயம் சொல்லப்படும். அதிற் கொஞ்சம் உண்மையும் உண்டு. பகலிற் படித்துவிட்டு இரவில் ஓடும் மாணவர்களை நாமே அறிவோம். நேரத்தைத் தெரிவுசெய்யும் உரிமையை யாரும் பறிக்கச் சொல்லவில்லை. வேகத்தைத் தெரிவுசெய்யும் உரிமையும் அவனுக்கு வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

இன்னொன்றையும் மறைக்காமற் சொல்கிறோம். அன்றைய கூட்டம் முடிய இரவு எட்டரை மணியாயிற்று. சமையலுக்கு நேரமில்லை என்று, மறிப்புத் தீர்மானத்தை ஆதரித்த ஒரு வீட்டுக்கு அன்றும் ஒரு சதுரப் பெட்டி வந்தது. இதை ஏளனமாகச் சொல்லவில்லை. எமது வீட்டுக்கும் வருவதுண்டு. முறிந்த எலும்போடு கட்டிலிற் கிடக்கும் அந்த அம்மாவை நாம் பார்க்கச் சென்றபோது, அவர் முதலிற் கேட்டது, “அந்தப் பெடியன் சிறைக்குப் போய்விடுவானா?” என்றுதான். வழக்காளியிடமிருந்து வக்கீல் எதிர்பார்க்கும் கேள்வியன்று அது.

ஒத்திவைத்த தீர்மானம் வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை மீண்டும் எடுக்கப்படும். அதற்கு நாம் ஒரு திருத்தம் கொடுத்திருக்கிறோம். ஒழுங்கை முகப்பில் மறிப்பு வேண்டாம். மாநகர சபையிடம் 30 கிலோமீற்றர்ப் பலகையும் இரண்டு வேகத்தடைகளும் கேட்போம். இவ்வொழுங்கைக்கு வரும் பொதிகளுக்கு நிமிடக் கணக்குக் காட்டவேண்டாம், பிந்தியதற்காக ஓட்டுபவனின் கூலியோ அடுத்த ஓடரோ குறையக்கூடாது என்று ஒவ்வொரு வீட்டாரும் கையொப்பமிட்டுக் கொம்பனிகளுக்கு எழுதுவோம். மறுத்தால் ஒரு மாதம் அவர்களிடம் வாங்காதிருப்போம். பழைய நண்பருக்கும் திருத்தத்தின் பிரதி ஒன்றை அனுப்பிவைத்தோம். வழிமொழிவாரா என்பது ஞாயிறன்று தெரியும்.