விலைக்கு வாங்கிய சிபாரிசு

புதிய ஊரில் ஜவுளி எடுக்கப் போகிறீர்கள். நாலு பேரை விசாரிக்கிறீர்கள். நாலு பேரும் ஒரே கடையைக் கை காட்டினால் அங்கேதானே நுழைவீர்கள்?

கூகுளும் அப்படித்தான் பிறந்தது. ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் படித்துக்கொண்டிருந்த லாரி பேஜ், செர்ஜி பிரின் என்ற இரு வாலிபர்கள் 1998-ல் அந்த யோசனையை வெளியிட்டார்கள். ஒரு வலைத்தளம் இன்னொன்றுக்கு ‘லிங்க்’ கொடுத்தால் அது ஒரு சிபாரிசு. சிபாரிசு செய்கிறவர் பெரிய மனுஷர் என்றால் அதற்கு எடை அதிகம். பேஷான யோசனைதான். ஆனால் சிபாரிசுக்கு மதிப்பு வந்துவிட்டால் அதை விற்க ஆள் வராமல் இருப்பானா?

அமெரிக்காவில் ஜே. ஸி. பென்னி என்று ஒரு பழைய பெரிய கடை. 2010 கடைசியில், பண்டிகை வியாபாரம் மும்முரமாக நடந்த மாதங்களில், கவுன், படுக்கை விரிப்பு, தரை விரிப்பு என்று எதைத் தேடினாலும் இந்தக் கடைதான் முன்னால் நின்றது. ஸாம்ஸனைட் பெயரைப் போட்டே கைப்பெட்டி தேடினால், ஸாம்ஸனைட்டின் சொந்தத் தளத்தையும் முந்திக்கொண்டு பென்னி! மணப்பெண்ணைக் கூப்பிட்டால் பக்கத்து வீட்டுப் பெண் வந்து மணையில் உட்கார்ந்த கதை.

‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகைக்குச் சந்தேகம் தட்டியது. நிபுணர் ஒருவரை வைத்துத் துருவினார்கள். பென்னியின் கவுன்களுக்கு லிங்க் கொடுத்த பக்கங்கள் 2,015 அகப்பட்டன. அவற்றில் பலவற்றுக்கும் துணிமணிக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. நாய் வளர்ப்பு, குறட்டை, மீன்பிடிப்பு, பல் வைத்தியம்! குறட்டைக்கு மருந்து தேடுகிறவனுக்குக் கறுப்பு கவுன் எதற்கு, சொல்லுங்கள்?

2011 பிப்ரவரி 9-ந் தேதி மாலை 7 மணிக்குக் கைப்பெட்டித் தேடலில் பென்னி முதலிடம். கூகுள் கை வைத்தது. 9 மணிக்கு 71-ம் இடம்! எட்டாவது பக்கத்தில் கிடக்கும் கடையை எவன் தேடிப் போவான்?

“நாங்கள் அனுமதி கொடுக்கவில்லை, எங்களுக்குத் தெரியாது” என்றது பென்னி. தேடல் ஆலோசனை சொல்லி வந்த கம்பெனியையும் விலக்கியது. தெரியாமலே இருக்கட்டும். மாதக் கணக்கில் முதலிடம் எப்படி வந்தது என்று ஒருநாளாவது கேட்டிருக்க வேண்டாமோ? ஜேம்ஸ் காஷ் பென்னி 1902-ல் வயோமிங் மாகாணத்தில் திறந்த முதல் கடையின் பெயர் என்ன தெரியுமா? ‘பொன் விதி’. பிறர் நமக்கு எப்படிச் செய்ய வேண்டுமென்று விரும்புகிறோமோ, அப்படியே நாமும் பிறருக்குச் செய்ய வேண்டும் என்கிற அந்த விதிதான்!

சரக்கு நல்லதுதானே, யாருக்கு நஷ்டம் என்பீர்கள். நல்ல சரக்கை வைத்துக்கொண்டு, லிங்க் வாங்காமல் பின்னால் தள்ளப்பட்ட சின்னக் கடைக்காரரைக் கேளுங்கள். தளத்தைத் தெளிவாக எழுதுவதும், ஜனங்கள் தேடுகிற வார்த்தையைத் தலைப்பில் வைப்பதும் பெயர்ப் பலகைக்கு வர்ணம் அடிப்பது போல. அதில் பாவம் இல்லை.

சுமார் மூன்று மாதத்தில் பென்னிக்கு விமோசனம் கிடைத்தது. 2012 ஏப்ரலில் கூகுள் ‘பெங்குவின்’ என்று ஒரு சல்லடையும் கொண்டுவந்தது. ஆனால் லிங்க் வியாபாரம் படுத்துவிடவில்லை. உங்கள் வீட்டில் யாராவது சமையல் குறிப்புத் தளம் நடத்தினால் விசாரித்துப் பாருங்கள். “ஒரு லிங்க் போடுங்கள், பணம் தருகிறோம்” என்று கடிதம் வந்திருக்கக்கூடும். பணம் வாங்கிய லிங்க் என்றால் அதில் அடையாளம் வைக்க வேண்டும் என்பது கூகுளின் சட்டம். அடையாளம் வைக்காமல் இருப்பதற்குத்தான் அவர் பணம் தருகிறார்!