பட்டினி பூனைக்கு மருந்தல்ல

வீட்டுப் பூனைக்கு வாந்தியோ கழிசலோ கண்டால் அக்கம்பக்கத்தில் கிடைக்கும் முதல் யோசனை இதுதான்: "ரெண்டு நாள் ஒண்ணும் வைக்காதீங்க, வயிறு காய்ஞ்சா தானா சரியாயிடும்." லங்கணம் பரம ஔஷதம் என்று மனிதருக்குச் சொன்னதை அப்படியே பூனைக்கும் நீட்டிவிடுகிறோம். இதற்குத் துணையாக இன்னும் சில வரும். பூனைக்குத் தன் வைத்தியம் தெரியும், புல்லைத் தின்று கக்கித் தேறிவிடும். வாந்தி பூனைக்குச் சகஜம், முடியைத்தான் கக்குகிறது. பால் ஊற்று, தயிர்ச்சோறு வை. குழந்தைக்கு வாங்கிய சிரப்பில் கொஞ்சம் புகட்டிப் பார். சொல்பவர்கள் அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் ஒவ்வொன்றும் பூனையின் உடலைத் தவறாகக் கணக்கிட்டுச் சொல்லப்படுவது. சில யோசனைகள் உயிரையே எடுத்துவிடும்.

வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வதை நான் எதிர்க்கவில்லை. வயிற்றுநோய்ப் பூனைக்குத் தன் வாசனை படிந்த வீட்டைவிட நல்ல இடம் கிடையாது. பட்டினி போடுவதற்கும் சும்மா விட்டுவிடுவதற்கும் பராமரிப்பு என்று பெயர் சூட்டுவதைத்தான் மறுக்கிறேன்.

பட்டினியை முதலில் எடுத்துக்கொள்வோம், அதிகம் கெடுப்பது அதுதான். பூனை ஊனுண்ணி. இறைச்சியிலுள்ள புரதத்தை எரித்தே சக்தி எடுக்கப் பழகிய உடல் அது. சாப்பாடு நின்றால் நம் கல்லீரல் புரதத்தைச் சிதைக்கும் வேகத்தைக் குறைத்துக்கொண்டு சிக்கனத்துக்கு மாறிவிடும், நாயினுடையதும் அப்படியே. பூனையின் கல்லீரலுக்கு அந்தச் சிக்கனம் கைவராது. இரை வராவிட்டாலும் அது சிதைத்துக்கொண்டே இருக்கும், தசை கரையும். அதே நேரத்தில் உடலில் சேர்ந்திருந்த கொழுப்பு கிளம்பிக் கல்லீரலில் வந்து குவியும். அதை வெளியே அனுப்பத் தேவையான புரதம் இல்லாததால் கொழுப்பு அங்கேயே தேங்கும். ஈறும் காதின் உட்புறமும் மஞ்சளிக்கும். சில நாள் பட்டினி போதும் இதற்கு. கொழுகொழுவென்றிருக்கும் பூனைக்கு ஆபத்து இன்னும் அதிகம், "இதுக்கு இருக்கிற உடம்புக்குப் பட்டினி நல்லதுதான்" என்று நாம் நினைக்கும் அதே பூனைக்கு. இந்தக் கல்லீரல் நோய்க்கான சிகிச்சை என்ன தெரியுமா? உணவுதான். மூக்கு வழியாகவோ கழுத்து வழியாகவோ குழாய் போட்டு, பல வாரங்களுக்குக்கூட உணவு செலுத்த வேண்டியிருக்கும்.

குடலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே சொன்னது உண்மை. இன்று அந்தக் கருத்து மாறிவிட்டது. குடலின் உட்சுவர்ச் செல்கள் தம் வழியே கடந்துபோகும் உணவிலிருந்துதான் பெருமளவு ஊட்டம் பெறுகின்றன. இரை நின்றால் அந்தச் சுவர் மெலிந்து, நோய் ஆறுவதும் தாமதமாகும். அதனால் சிறுசிறு அளவாகச் சீக்கிரமே உணவைத் தொடங்குவதுதான் இப்போதைய முறை. ஒருமுறை கக்கிய பூனைக்கு இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி விடுவதில் தவறில்லை. வளர்ந்த பூனை ஒரு முழு நாள் எதையும் தொடவில்லையென்றால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். குட்டிக்கு அவ்வளவு அவகாசம்கூடக் கிடையாது, அதன் ரத்தத்தில் சர்க்கரை விரைவில் இறங்கிவிடும்.

அடுத்தது, வாந்தி சகஜம் என்ற பேச்சு. எப்போதோ ஒருமுறை முடியுருண்டையைக் கக்கிவிட்டு உடனே வந்து தட்டை நக்கும் பூனையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம், அதை ஒப்புக்கொள்கிறேன். வாராவாரம் கக்கும் பூனையின் கதை வேறு. 2013இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில், நெடுநாள் வாந்தி, எடைக்குறைவு போன்ற தொல்லைகளோடு வந்து, ஸ்கேனில் சிறுகுடல் தடித்துக் காணப்பட்ட 100 பூனைகளின் குடல் திசுவை எடுத்துச் சோதித்தார்கள். 99 பூனைகளுக்குக் குடலில் நோய் இருந்தது. பெரும்பாலானவற்றுக்கு நாள்பட்ட குடல் அழற்சி, அல்லது லிம்போமா என்ற புற்றுநோய். இவற்றில் எத்தனை பூனைகளின் வீட்டில் "முடிதான்" என்று சொல்லிக்கொண்டிருந்திருப்பார்களோ! வயதான பூனையென்றால் தைராய்டு மிகையும் சிறுநீரகக் கோளாறும்கூட வாந்தியாகத்தான் முதலில் தலைகாட்டும்.

நம் வீடுகளுக்கென்றே உள்ள ஆபத்து பூச்சரத்து நூல். வாடிய மல்லிகைச் சரத்தைக் குப்பைக்கூடையில் போடுகிறோம், அல்லது சாமி படத்திலிருந்து தொங்க விடுகிறோம். பூனை விளையாடிக்கொண்டே அந்த நூலை விழுங்கிவிடும். அதன் நாக்கில் உள்நோக்கிய முட்கள் உண்டு, வாய்க்குள் போனதைத் துப்புவது அதற்குக் கடினம். நூலின் ஒரு முனை நாக்கின் அடியில் சுற்றிக்கொண்டு நிற்க, மறுமுனை குடலுக்குள் போய்விடும். குடல் அசைய அசைய நூலில் கோத்த பூவைப் போல் சுருங்கி மடியும், நூல் குடலை அறுக்கவும் செய்யும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தெரிந்தால் ஒருபோதும் இழுக்கக் கூடாது. இதற்கு அறுவை சிகிச்சை தேவைப்படலாம். இந்தப் பூனையைத்தான் "வயிறு காயட்டும்" என்று இரண்டு நாள் போட்டுவைக்கிறோம்.

பூனைக்குத் தன் வைத்தியம் தெரியும் என்பதற்குப் புல் தின்பதைச் சான்று காட்டுவார்கள். கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பூனை வளர்ப்போரிடம் கேட்டறிந்ததில், புல் தின்ற பூனைகளில் மிகப் பெரும்பாலானவை அதற்குமுன் நோயோடு காணப்படவில்லை, எல்லாப் பூனையும் தின்றபின் கக்கவும் இல்லை. குப்பைமேனி வேரைக் கண்டால் பூனை மயங்கிப் புரளுவதைப் பார்த்து அதை மருந்து என்று அரைத்துப் புகட்டுகிறவர்களும் உண்டு. பூனை தேடிப்போவது அந்த மயக்கத்தை, நிவாரணத்தை அல்ல. நல்ல செடியையும் நச்சுச் செடியையும் பூனை பிரித்தறியும் என்பதும் நிஜமில்லை. நம் மாநிலப் பூவான செங்காந்தளில் கோல்ச்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது, கடுமையான வாந்தியும் கழிசலும் உண்டாக்கும். பூங்கொத்துகளில் வரும் லில்லியின் இதழை, ஏன் மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் செயலிழக்கலாம்.

பாலும் தயிர்ச்சோறும் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். தாய்ப்பால் மறந்தபின் பூனையின் குடலில் லாக்டோஸைச் செரிக்கும் நொதி குறைந்துகொண்டே போகும். கழியும் பூனைக்குப் பால் ஊற்றினால் கழிசல் கூடும். ஒருவேளைத் தயிர்ச்சோறு கொல்லாது. அதிலேயே வாரக்கணக்கில் ஓட்டுவதுதான் பிழை. டாரின் என்ற சத்து போதாமல் பூனையின் இதயத் தசை தளர்ந்து வீங்குவதை 1987இலேயே டேவிஸில் பால் பியான் குழுவினர் நிறுவிவிட்டார்கள், அந்தச் சத்து இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது. சாம்பார், குழம்பு கலந்த சோறு இன்னும் மோசம். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும்.

மாத்திரை விஷயத்தில் மட்டும் எனக்குப் பொறுமை கிடையாது. பாராசிட்டமாலை நாம் வெளியேற்றும் வழி நம் கல்லீரலில் இருக்கிறது, பூனையின் கல்லீரலில் அது ஏறக்குறைய இல்லை. 500 மி.கி. மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும், குழந்தைக்கான சிரப்பும் அதே மருந்துதான். ரத்தம் பழுப்பாகிப் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போகும். ஈறு நீலம் பாயும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சுத் திணறும். வயிற்று வலிக்கென்று இபுபுரோஃபென், டைக்குளோஃபினாக் கொடுப்பதும் அதே வகைதான், இரைப்பைப் புண்ணும் சிறுநீரகச் சேதமும் வரும். கழிசலை நிறுத்தும் லோபெரமைடு சில பூனைகளை நிலைகொள்ளாமல் அலையவிடும். மிச்சமிருக்கும் மெட்ரோனிடசோல் பட்டையிலிருந்து அரை மாத்திரை கிள்ளிப் போடுவது நம் ஊரில் சாதாரணம். அதன் கசப்பில் பூனை நுரை தள்ளும், அளவு மீறினால் நரம்பைத் தாக்கித் தள்ளாடவைக்கும், குடலில் இருக்க வேண்டிய நல்ல கிருமிகளையும் கலைக்கும். சாதாரணக் கழிசல் பெரும்பாலும் அது இல்லாமலே நின்றுவிடும்.

மலச்சிக்கல் என்றால் விளக்கெண்ணெய். வாயில் ஊற்றும் எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் அது வேறொரு நோயாகிவிடும். மருந்துக்கடையில் கிடைக்கும் பாஸ்பேட் எனிமாவைப் பூனைக்குக் கொடுக்கவே கூடாது, ரத்தத்திலுள்ள உப்புகளைக் குலைத்துக் கொன்றுவிடும். இவற்றையெல்லாம்விட என்னைக் கலங்கவைப்பது வேறு ஒன்று. மண் தட்டில் நெடுநேரம் உட்கார்ந்து முக்கும் கடுவனைப் பார்த்து "வெளிக்கிப் போகலை" என்று முடிவுகட்டுகிறோம். பல சமயம் அடைத்திருப்பது சிறுநீர்ப்பாதை. ஆண் பூனைக்கு அது மிகக் குறுகல். சிறுநீர் நின்றால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இரண்டு மூன்று நாளில் இதயமே நின்றுவிடும். அப்போது "சூட்டைத் தணிக்க" இளநீர் புகட்டினால் பொட்டாசியத்தின் மேல் பொட்டாசியத்தை ஊற்றுகிறோம். முக்கும் கடுவன் சிறுநீர் கழிக்கிறதா என்று முதலில் பாருங்கள். மண் நனையவில்லையென்றால் இரவானாலும் கிளம்ப வேண்டும்.

"மருத்துவருக்கு எங்கே போவது?" என்ற கேள்வியை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். இந்த மறுப்புகளில் நியாயமான மறுப்பு அது. சென்னையில் 1903இல் தொடங்கப்பட்டு இன்று வேப்பேரியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை உண்டு, தனியார் மருத்துவமனைகளும் உண்டு. சிற்றூரில் ஆடுமாடுகளுக்கான மருந்தகமே அருகில் இருக்கும், பூனையைக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் போவது இரு தரப்புக்கும் கொடுமை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் பூனையையே சுமக்க வேண்டியதில்லை. சிறு டப்பாவில் அன்றைய மலத்தைக் கொண்டுபோனாலே புழுவும் ஜியார்டியாவும் இருக்கிறதா என்று பார்க்கலாம். வாந்தியின் படம், மூச்சுவிடும் காணொளி, எடைக் குறிப்பு ஆகியவற்றோடு தொலைபேசியில் பேசினால் இன்றே வர வேண்டுமா, நாளை வரலாமா என்று அவர் சொல்லிவிடுவார். செலவுக்குப் பயந்து நாலு நாள் தள்ளிய பூனைக்குத்தான் உணவுக்குழாயும் உள்நோயாளிப் படுக்கையும் தேவைப்படுகின்றன.

அதன்பின் இருப்பதெல்லாம் வீட்டு வேலை, அது நிறையவே இருக்கிறது. உப்பும் மஞ்சளும் வெங்காயமும் போடாமல் வேகவைத்த கோழியைப் பிய்த்து, உடற்சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கி, இரண்டு மூன்று தேக்கரண்டி மட்டும் வையுங்கள். வாசனைதான் பூனையைச் சாப்பிட அழைக்கிறது. சில நாளுக்கு இது போதும், மாதக்கணக்கில் போதாது, சுண்ணாம்புச் சத்து கிடையாது. பூனை உதட்டை நக்கிக்கொண்டு, எச்சில் ஒழுக்கி, தட்டைவிட்டு முகம் திருப்பினால் அதற்குக் குமட்டுகிறது என்று பொருள். அப்போது சிரிஞ்சில் திணிக்காதீர்கள். மூச்சுக்குழலில் போய்விடலாம், அந்த உணவையே பிறகு வெறுக்கவும் தொடங்கும். குமட்டலை நிறுத்த மருத்துவரிடம் மருந்து இருக்கிறது.

உணவு ஒவ்வாமையா என்று பார்க்க மருத்துவர் ஒரே வகை இறைச்சி மட்டும் கொடுக்கச் சொன்னால், ஒளித்துவைத்த நெத்திலிக் கருவாட்டுத் துண்டு ஒன்றுகூட அந்தச் சோதனையைக் கெடுத்துவிடும். பாட்டி, குழந்தைகள், பக்கத்து வீடு எல்லாரிடமும் சொல்லிவைக்க வேண்டும். வாரம் ஒருமுறை எடை பாருங்கள், பூனையைத் தூக்கிக்கொண்டு நின்று பிறகு தனியாக நின்று கழித்தால் போதும். 4 கிலோ பூனை 400 கிராம் இழந்தால் உடலில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. நாள்பட்ட குடல்நோய்ப் பூனைக்கு பி12 ஊசியையும், நீரிழப்புக்குத் தோலுக்கடியில் டிரிப்ஸ் ஏற்றுவதையும் வீட்டாருக்கே மருத்துவர்கள் கற்றுத்தருவார்கள். முதல்முறை கை நடுங்கும், பிறகு பழகிவிடும்.

கடைசியாக ஒரு வாதம் மிச்சமிருக்கிறது: "குட்டிங்கள்ல பாதி போகத்தான் செய்யும், அது இயற்கை." கொத்துக்கொத்தாக வாந்தியும் கழிசலுமாகச் சாகும் குட்டிகளில் பலவற்றைக் கொல்வது பான்லுகோபீனியா என்ற பார்வோ வைரஸ். குடலின் உட்சுவரையும் எலும்பு மஜ்ஜையையும் அது தாக்கி வெள்ளணுக்களை அழிக்கிறது. சிகிச்சையில்லாமல் விட்டால் பெரும்பாலான குட்டிகள் பிழைப்பதில்லை. நீரேற்றி, வாந்தியை நிறுத்தி, சேர்ந்துவரும் கிருமிகளுக்கு மருந்து கொடுத்தால் கணிசமானவை பிழைக்கின்றன. இதற்குத் தடுப்பூசி உண்டு. ஆறிலிருந்து எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும்வரை போட வேண்டும். வைரஸ் வீட்டுத் தரையிலும் துணியிலும் ஓராண்டுவரைகூட உயிரோடிருக்கும். பினாயில் இதற்குத் தகுந்ததல்ல, பூனைக்கும் அது நஞ்சு. ஒரு பங்கு சோடியம் ஹைப்போகுளோரைட் வெளுப்புத் திரவத்தில் 30 பங்கு தண்ணீர் கலந்து, தரையை முதலில் கழுவிவிட்டு, 10 நிமிடம் நனையவிட்டுத் துடைக்க வேண்டும். அப்படித் துடைத்த வீட்டுக்கும், அடுத்த குட்டி தன் தடுப்பூசிகளை முடித்துக்கொண்டபிறகுதான் வர வேண்டும்.