தேடுவதும் ஆராய்ச்சிதான்

"எல்லாம் ஆன்லைனில் வந்துவிட்டது, இனி நூலகர் எதற்கு?" மருத்துவக் கல்லூரிகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. சிஸ்டமேட்டிக் ரிவ்யூ செய்யும் குழுவில் நூலகரையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றால் இன்னும் பலமாகக் கேட்கும். ஒரு கேள்வியைப் பற்றி உலகில் நடந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி, சலித்து, ஒன்றாக வைத்துப் பார்த்து விடை சொல்வதுதான் அந்த ரிவ்யூ. அதை நம்பித்தான் சிகிச்சை விதிகளை எழுதுகிறார்கள். திரட்டும்போதே கோட்டை விட்டால், பிறகு போடும் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தும் பயனில்லை.

தேடுவது யாருக்குத்தான் தெரியாது என்பது முதல் வாதம். கண்ணாடி விரியன் கடித்தவருக்கு விஷமுறிவு மருந்து எவ்வளவு தர வேண்டும் என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். 'ஸ்நேக் பைட்' என்பதைச் சிலர் ஒரே சொல்லாக எழுதுகிறார்கள், சிலர் இரண்டாகப் பிரிக்கிறார்கள். வேறு சிலர் 'என்வெனமிங்' என்கிறார்கள், 'என்வெனமேஷன்' என்பாரும் உண்டு. மருந்து ஒரு கட்டுரையில் 'ஆன்டிவெனம்', இன்னொன்றில் 'ஆன்டிவெனின்', நம் மருத்துவர்கள் எழுதினால் 'ஏஎஸ்வி'. பாம்பின் பெயரே மாறியிருக்கிறது. இன்று 'டபோயா' என்று குறிக்கப்படும் விரியன், பழைய கட்டுரைகளில் 'வைப்பெரா'. இன்றைய பெயரை மட்டும் தட்டினால் அந்தப் பெயர் வழக்கத்துக்கு வருவதற்கு முன் எழுதப்பட்டவை கண்ணில் படாமலே போகலாம்.

இத்தனை சொற்களையும் 'அல்லது' போட்டு ஒரு அடைப்புக்குறிக்குள் கட்டி, மருந்துச் சொற்களை இன்னொன்றில் கட்டி, இரண்டையும் 'மற்றும்' போட்டு இணைக்க வேண்டும். ஒரு அடைப்புக்குறி இடம் மாறினால், நூற்றுக்கணக்கில் வர வேண்டியவை பல ஆயிரமாகக் கொட்டும், அல்லது வேண்டிய கட்டுரையே விழாது. மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளங்களில் பப்மெடுக்கு 'மெஷ்' தலைப்புகள், எம்பேஸுக்கு 'எம்ட்ரீ' தலைப்புகள் என்பதால் ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் முழுவதையும் திருத்தி எழுத வேண்டும். இது நாள் கணக்கில் உட்கார்ந்து செய்கிற வேலை.

கூகுள் ஸ்காலரே போதும் என்பது அடுத்தது. எத்தனை லட்சம் கிடைத்ததாகச் சொன்னாலும், ஒரு தேடலுக்கு அது காட்டுவது முதல் 1000 முடிவுகளைத்தான். அதே தேடலை இன்னொருவர் வேறொரு நாளில் செய்தால் அதே பட்டியல் வரும் என்ற உறுதியும் கிடையாது. துணைக்கு வைத்துக்கொள்ளலாம், அதை மட்டுமே நம்பி இறங்க முடியாது.

அரைகுறைத் தேடலுக்கு உயிரையே விலையாகக் கொடுத்த ஒரு நிகழ்வு உண்டு. 2001-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆஸ்துமா பற்றிய ஆய்வு ஒன்று நடந்தது. நல்ல உடல்நலத்தோடு தன்னார்வலராக வந்த 24 வயதுப் பெண், ஹெக்ஸாமெத்தோனியம் என்ற மருந்தை மூச்சில் இழுத்தார். நுரையீரல் பழுதாகி ஒரு மாதத்துக்குள் இறந்துபோனார். அந்த மருந்து நுரையீரலைக் கெடுக்கும் என்ற எச்சரிக்கை 1950-களின் கட்டுரைகளிலேயே இருந்தது. ஆய்வாளர் பப்மெடில் தேடியிருந்தார். ஆனால் அப்போது பப்மெட் 1966-க்கு முன்னால் போகாது. அதற்கு முந்தியவை 'இண்டெக்ஸ் மெடிக்கஸ்' என்ற அச்சுத் தொகுதிகளில் நூலக அலமாரியில் இருந்தன. எந்தத் தரவுத்தளம் எந்த ஆண்டோடு நிற்கிறது என்பது மருத்துவ நூலகருக்குத் தினப்படி விஷயம். இந்த நிகழ்வைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் கனக்கிறது.

ஏஐ வந்துவிட்டதே என்கிறார்கள். ஒத்த சொற்களை யோசிக்கவும், ஆயிரக்கணக்கான சுருக்கங்களைச் சலிக்கவும் அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் இல்லாத கட்டுரையை இருப்பதுபோல ஆசிரியர் பெயர், இதழ், ஆண்டு சகிதம் எழுதித் தருவதும் அதுதான். தேடியதில் எது விடுபட்டது என்று யார் சொல்வது? தேர்ந்த நூலகர் முன்பே தெரிந்த சில முக்கியக் கட்டுரைகளைக் கையில் வைத்துக்கொண்டு, தேடலில் அவை விழுகின்றனவா என்று சோதிப்பார். விழாவிட்டால் சொற்களைத் திருத்துவார்.

நூலகர் பாட வல்லுநர் இல்லையே என்ற வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. பாடத்துக்கு மருத்துவர் இருக்கிறார், கணக்குக்குப் புள்ளியியலாளர் இருக்கிறார், தேடலுக்கு நூலகர். அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 2011-இல் வகுத்த நெறிமுறை, தேடலைத் திட்டமிடும்போதே பயிற்சி பெற்ற நூலகரோடு சேர்ந்து வேலை செய்யச் சொல்கிறது. 2021-இல் வெளியான பிரிஸ்மா-எஸ் என்ற வழிகாட்டி, தேடலை எப்படிப் பதிவு செய்வது என்பதற்கு மட்டுமே 16 அம்சங்களைக் கேட்கிறது. பொது மருத்துவ இதழ்களின் ரிவ்யூக்களை அலசி 2015-இல் வந்த ஓர் ஆய்விலும், நூலகர் இணையாசிரியராக இருந்த கட்டுரைகளில் தேடல் விவரங்கள் மேலான தரத்தில் இருந்தது தெரியவந்தது.

எல்லா நூலகருக்கும் இந்தப் பயிற்சி இருக்கிறதா என்று கேட்டால், இல்லை. அது நியாயமான குறை. அதற்கு வழி பயிற்சி கொடுப்பதும் நேரம் ஒதுக்குவதும்தான். நாளெல்லாம் வருகைப் பதிவேட்டிலும் நோ டியூஸ் கையெழுத்திலும் உட்காரவைத்துவிட்டு, ஆராய்ச்சிக்கு இவரால் என்ன பயன் என்று கேட்பது சரியல்ல. பாம்புக்கடித் தேடலின் ஒவ்வொரு வரியையும் எழுதியவருக்குக் கட்டுரையின் கடைசியில் ஒரு நன்றி வரி போதாது. அவர் பெயர் ஆசிரியர் வரிசையில் வர வேண்டும்.