இருவர் மட்டுமா?



சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஜுமுஆ தொழுகைக்குப் பின், நானும் என் துணைவியாரும் பையுடன் வீட்டை விட்டுப் புறப்பட்டோம். தெருமுனையில் மஹல்லாவின் பெரியவர் ஒருவர் எதிர்ப்பட்டார். "என்ன ஹஜ்ரத், பிள்ளைங்க வரலையா? ரெண்டு பேர் மட்டுமா?" என்று கேட்டார். "சேலத்தில் சிறு வேலை" என்று சொல்லி நகர்ந்தேன். மனைவியுடன் இரண்டு நாள் தங்கப் போகிறேன் என்று சொல்ல என் நாக்குக் கூசியது. மாணவர்களுக்கு உண்மையைப் போதிப்பவன் ஏன் மழுப்பினேன் என்ற கேள்வி வழியெல்லாம் என்னை உறுத்தியது.

நாங்கள் சென்றது ஏற்காடு. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால், காப்பியும் மிளகும் விளையும் சேர்வராயன் மலை. அங்கே ஒரு தோட்ட வீட்டில் அறை எடுத்தோம். வீட்டாரும் அங்கேயே வசிக்கிறார்கள். விருந்தினருக்குத் தங்க அறையும் காலை உணவும் தருகிறார்கள். மது, இரைச்சல் எதுவுமில்லாத குடும்பச் சூழல் என்பதால் இத்தகைய இடத்தைத் தேர்ந்தோம். இறைச்சி வேண்டாம், சைவ உணவே போதும் என்று முன்பே தெரிவித்திருந்தோம். திருச்சியிலிருந்து சென்ற நாங்கள் பயணிகள் என்பதால் நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கித் தொழுதோம். மார்க்கம் எதையும் நாங்கள் கைவிட வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் காலை இட்லியும் சட்னியும் தோட்டத்துக் காப்பியும் வந்தன. உண்டு முடித்ததும் என் துணைவியார் பழக்கத்தால் தட்டுகளைக் கழுவ எடுத்துச் சென்றார். வீட்டுக்கார அம்மா வாங்கி வைத்துவிட்டு அவரை அமரச் சொன்னார். அவர் என் பக்கம் திரும்பி, "ஏங்க, கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்துல, சுடச்சுட உட்கார்ந்து சாப்பிட்டது இன்னைக்குத்தான்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றிரவு அவர் மேலும் பேசினார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அவருடைய அத்தா நோயுற்றுக் கிடந்த இறுதி வாரம், மதரஸாவின் ஆண்டு விழாவுக்காக எங்கள் வீட்டில் விருந்தினர் தங்கியிருந்தார்கள். ஊருக்குப் போய் அத்தாவின் அருகே இருக்க அவர் விரும்பியிருக்கிறார். என் சிரமத்தைக் கண்டு கேட்காமல் இருந்துவிட்டார். அவர் போய்ச் சேர்ந்தபோது ஜனாஸா தயாராக இருந்தது. அந்த விழாவில் பெற்றோரின் உரிமைகளைப் பற்றி பயான் செய்தவன் நான்! அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். கேட்கவே ஒன்பது ஆண்டுகள் தாமதமாகிவிட்டது.

"இதை வீட்டிலேயே பேசலாமே, மலைக்கு எதற்கு?" என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் பெற்றோர், பிள்ளைகள், வந்துபோவோர் என நிறைந்த கூட்டுக் குடும்பத்தில், விடியலில் அடுப்படிக்குள் நுழையும் பெண் இரவில் களைத்து உறங்கிவிடுகிறார். நாங்கள் பேசியதெல்லாம் கட்டணம், மளிகை, மருந்து பற்றித்தான். மனத்தில் உள்ளதைச் சொல்ல அவகாசம் வேண்டும். அந்த அவகாசத்தை நான் அவருக்குத் தந்ததே இல்லை.

நபி (ஸல்) அவர்கள் பயணம் புறப்படும்போது தம் துணைவியரிடையே சீட்டுக் குலுக்கி, பெயர் வந்தவரை உடன் அழைத்துச் செல்வார்கள். இரவுப் பயணத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் ஒட்டகத்தின் அருகே சென்றபடி உரையாடுவார்கள். ஒரு பயணத்தில் அன்னையாருடன் ஓட்டப்பந்தயம் ஓடினார்கள், அன்னையார் வென்றார்கள். பின்னொரு நாள் நபியவர்கள் வென்று, அன்றைய தோல்விக்கு இது ஈடு என்றார்கள். ஒரு சமுதாயத்தையே சுமந்த தூதருக்கு இதற்கு நேரம் இருந்தது. நமக்கு இல்லை என்கிறோம்.

தொழுகையிலும் நோன்பிலும் மூழ்கி மனைவியை மறந்திருந்த அபூதர்தா (ரலி) அவர்களை ஸல்மான் (ரலி) அவர்கள் திருத்திய நிகழ்ச்சி புகாரியில் உள்ளது. இறைவனுக்கு உரிமை உண்டு, உடலுக்கு உண்டு, குடும்பத்துக்கும் உண்டு என்ற அவருடைய சொல்லை நபியவர்கள் உண்மை என உறுதிசெய்தார்கள். வணக்கமே மனைவியின் உரிமையைப் பறிக்கக் கூடாது என்றால், விழாக்களும் கூட்டங்களும் எம்மாத்திரம்?

வீண்விரயத்தை நான் ஆதரிக்கவில்லை. கடன் வாங்கிச் செல்வதும், தனிமையின் படங்களை ஊருக்கெல்லாம் அனுப்புவதும் இதன் நோக்கத்தையே கெடுத்துவிடும். வசதி இல்லாதவருக்கு மலை அவசியமில்லை. கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டு, அஸருக்குப் பின் காவிரிக் கரையில் இருவரும் அமர்ந்தாலும் போதும். அன்று காலை உணவை நீங்கள் சமைத்துப் பரிமாறுங்கள், அதுவும் நபிவழியே. வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் பணிகளில் அவர்கள் ஈடுபட்டார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்திருக்கிறார்கள்.

ஊர் திரும்பியதும் அந்தப் பெரியவரைப் பள்ளிவாசலில் கண்டேன். "அன்று வேலையாகப் போகவில்லை; மனைவியுடன் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தேன்" என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "என் வீட்டுக்காரி மவுத்தாகி நாலு வருஷம் ஆச்சு ஹஜ்ரத். நான் எங்கேயும் கூட்டிட்டுப் போனதில்லை" என்றார்.

நம் துணைவியர் உயிரோடு இருக்கும்போதே அவர்களுக்குச் செவிசாய்க்கும் நல்வாய்ப்பை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.